நானோ ஆக்சைடு பூச்சு பாக்டீரியாப் படலத்தை எப்போது தடுக்கும், எப்போது தடுக்காது?

கேள்வி: டைட்டானியம் டை ஆக்சைடு, துத்தநாக ஆக்சைடு போன்றவற்றை நானோ அமைப்பில் பூசினால் அந்தப் பரப்பில் பாக்டீரியாக்கள் படலமாக வளராது என்கிறார்கள். 99.9 சதவீதம் அழிக்கிறது என்று விளம்பரங்களும் வருகின்றன. இவை உண்மையில் எப்படி வேலை செய்கின்றன? எவ்வளவு காலம் தாங்கும்? எந்த ஆக்சைடு சிறந்தது?

பதில்:

வேலை செய்கின்றன. ஆனால் அவற்றின் திறமையெல்லாம் முதல் சில மணி நேரத்தில்தான். படலம் ஒருமுறை முற்றிவிட்டால், அதன் அடியில் புதைந்த பூச்சு எவ்வளவு நேர்த்தியானதாக இருந்தாலும் அதனால் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஆகவே "எவ்வளவு கொல்கிறது" என்ற கேள்விக்கு முன்னால் வேறு இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதல் பாக்டீரியா வந்து தொடும்போது அந்தப் பரப்பில் என்ன நடக்கிறது? சில நாள்கள் கழித்து அந்தப் பரப்பு இன்னும் வெளியே தெரிகிறதா, அல்லது எதனாலோ மூடப்பட்டுவிட்டதா? விளம்பரத்தில் வரும் 99.9 இவை இரண்டுக்குமே விடை சொல்வதில்லை.

முதலில் எதிராளியைப் பற்றி. பாக்டீரியா என்றால் நீரில் தனித்தனியாக நீந்தும் உயிர் என்ற எண்ணத்தை ஆய்வகக் குடுவைகள்தான் நமக்குத் தந்தன. இயற்கையில் அவை பெரும்பாலும் ஏதாவது ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரக்கும் பிசுபிசுப்பான பொருளுக்குள் கூட்டமாக வாழ்கின்றன. 1683இல் டச்சு நுண்ணோக்கியாளர் லீவன்ஹூக் தன் பல்லிடுக்கிலிருந்து சுரண்டியெடுத்த வெண்ணிறப் பொருளை நுண்ணோக்கியில் பார்த்துவிட்டு, அதில் அசைந்த உயிர்களைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். அவர் பார்த்தது இப்படியொரு படலத்தைத்தான். இருந்தும், ஒட்டி வாழ்வதுதான் பாக்டீரியாக்களின் இயல்பான வாழ்க்கை என்ற பார்வை வேரூன்றியது 1978இல் நுண்ணுயிரியலாளர் வில்லியம் காஸ்டர்டனும் உடன் பணியாற்றியவர்களும் பாக்டீரியாக்கள் எப்படி ஒட்டுகின்றன என்று விரிவாக எழுதிய பிறகுதான்.

அந்தப் பிசுபிசுப்பில் பல்சர்க்கரைகள், புரதங்கள், செத்த செல்களிலிருந்து வெளிவந்த டி.என்.ஏ. எல்லாம் கலந்திருக்கின்றன. அதற்குள் இருக்கும் பாக்டீரியா, தனியாக நீந்தும் அதே இனத்தைவிட நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை 1,000 மடங்கு வரை தாங்கக்கூடும். மருந்து உள்ளே ஊடுருவத் தாமதமாவது ஒரு காரணம். ஆழத்தில் இருப்பவை உணவும் ஆக்சிஜனும் குறைந்து ஏறத்தாழ உறங்கும் நிலையில் இருப்பது அதைவிட முக்கியமான காரணம். பெரும்பாலான மருந்துகள் வளரும் செல்லின் இயக்கங்களைத்தான் தாக்குகின்றன. உறங்கும் செல்லில் தாக்குவதற்கு அதிகம் இல்லை. படலத்தை வளர்ந்த பிறகு ஒழிப்பதைவிட, வளரவிடாமல் தடுக்கவே இவ்வளவு பேர் முயல்வதற்குக் காரணம் இதுதான்.

படலம் உருவாகும் வரிசையும் இங்கே முக்கியம். ஒரு புதிய பரப்பை இரத்தத்திலோ உமிழ்நீரிலோ கடல்நீரிலோ வைத்தால் பாக்டீரியா வருவதற்கு முன்பே, சில நொடிகளில் தொடங்கி, புரதங்களும் பிற கரிம மூலக்கூறுகளும் அதன்மேல் படிந்துவிடுகின்றன. அதன்பின் பாக்டீரியா வருகிறது. முதலில் தளர்வாகத் தொட்டு நிற்கிறது, இந்தக் கட்டத்தில் அலசினால் போய்விடும். பிறகு தன் மேல்தோல் புரதங்களாலும் நுண்மயிர்களாலும் இறுகப் பிடிக்கிறது. சில மணி நேரத்தில் சிறு கூட்டங்கள். ஓரிரு நாளில் தடித்த படலம். அதிலிருந்து பிரிந்து போகும் செல்கள் வேறிடத்தில் குடியேறுகின்றன. எலும்பு அறுவை மருத்துவர் ஆண்டனி கிரிஸ்டினா 1987இல் உடலுக்குள் பொருத்தும் பொருள்களைப் பற்றி எழுதும்போது இதை "மேற்பரப்புக்கான பந்தயம்" என்றார். ஒரு பக்கம் உடலின் சொந்த செல்கள், மறுபக்கம் பாக்டீரியா. யார் முதலில் பரப்பைப் பிடிக்கிறார்களோ அவர்களுக்கே அது பெரும்பாலும் நிலைக்கிறது. பூச்சு செய்ய வேண்டிய காரியம் அந்தப் பந்தயத்தில் ஒரு தரப்பைத் தாமதப்படுத்துவது. இந்தப் பார்வையோடு ஆய்வு முடிவுகளைப் படித்தால் பல குழப்பங்கள் தெளிகின்றன.

இனி ஆக்சைடுகள். இவை பாக்டீரியாவை எதிர்கொள்ளும் வழிகள் பல. ஒரே பூச்சில் இரண்டு மூன்று வழிகள் சேர்ந்தும் இயங்கும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிபந்தனை உண்டு, அந்த நிபந்தனையைத்தான் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை.

ஒளி வழியை எடுத்துக்கொள்வோம். டைட்டானியம் டை ஆக்சைடு ஒரு குறைகடத்தி. அதன் அனடேஸ் படிக வடிவத்தின் ஆற்றல் இடைவெளி 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதாவது ஏறத்தாழ 387 நானோமீட்டரைவிடக் குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா ஒளி பட்டால்தான் அதில் எலக்ட்ரான் மேலே தாவும். தாவிய எலக்ட்ரான் ஆக்சிஜனோடும், அது விட்டுச்சென்ற வெற்றிடம் நீரோடும் வினைபுரிந்து ஹைட்ராக்சில் போன்ற கடும் வினைத்திறன் கொண்ட மூலக்கூறுகளை உண்டாக்குகின்றன. 1972இல் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் இந்தப் பொருளைக் கொண்டு ஒளியால் நீரைப் பிளக்கலாம் என்று காட்டியதில் இந்தத் துறை பிறந்தது. 1985இல் மட்சுனாகா குழு இதே வழியில் நுண்ணுயிர்களைக் கொல்ல முடியும் என்று காட்டியது. 1997இல் இன்னொரு பண்பு வெளிப்பட்டது. ஒளி பட்ட டைட்டானியம் டை ஆக்சைடு பரப்பில் நீர் துளியாக நிற்காமல் விரிந்து பரவுகிறது. அழுக்கின் அடியில் நீர் புகுந்து அதைத் தூக்கிவிடுவதால், கழுவும்போது எளிதில் சுத்தமாகிறது.

கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் சூரிய ஒளியில் புற ஊதாப் பங்கு ஏறத்தாழ 5 சதவீதம்தான். அறைக்குள் எரியும் எல்.இ.டி. விளக்கில் அது கிட்டத்தட்ட இல்லை. உடலுக்குள்ளோ குழாய்க்குள்ளோ ஒளியே இல்லை. நைட்ரஜனைக் கலந்து கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்ய வைக்கலாம் என்று 2001இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதன்பின் எத்தனையோ கலவைகள் வந்துவிட்டன. ஆனாலும் அறை வெளிச்சத்தில் கிடைக்கும் வேகம் புற ஊதாவில் கிடைப்பதற்கு அருகில்கூட வருவதில்லை. ஹைட்ராக்சில் இன்னொரு வகையிலும் குறுகிய கரம் உடையது. பிறந்த இடத்திலிருந்து சில நானோமீட்டர் தொலைவுக்குள் எதையாவது தாக்கித் தீர்ந்துவிடும். பரப்பை நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் செல்லுக்கு அது எமன். இரண்டாவது அடுக்கில் இருக்கும் செல்லுக்கு அது இல்லாத ஒன்று. அதே வினைகளில் உண்டாகும் ஹைட்ரஜன் பெராக்சைடு கொஞ்சம் தொலைவு பயணிக்கும். ஆனால் அதை உடைக்கும் கேட்டலேஸ் என்னும் நொதி பல பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. கூட்டமாக இருக்கும்போது அவை சேர்ந்து உடைக்கின்றன.

அடுத்தது அயனி வழி. துத்தநாக ஆக்சைடும் செம்பு ஆக்சைடுகளும் நீரில் மெல்லக் கரைந்து அயனிகளை விடுகின்றன. துத்தநாக அயனி செல்லின் நொதிகளில் உரிய உலோகத்தை இடம்பெயர்த்துத் தான் உட்கார்ந்துகொள்கிறது. செம்பு அதோடு நிற்காமல் தன் இரு ஆக்சிஜனேற்ற நிலைகளுக்கிடையே மாறி மாறி, செல்லுக்குள்ளேயே தீங்கான ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. ஒளி தேவையில்லை என்பது பெரிய நன்மை. செம்பில் ஒரு நுட்பமும் இருக்கிறது. சிவப்பு நிறக் குப்ரஸ் ஆக்சைடு தூய செம்புக்கு நெருக்கமாகத் தொட்டவுடன் கொல்லும் திறன் கொண்டது. கறுப்பு நிறக் குப்ரிக் ஆக்சைடு அதில் பின்தங்குகிறது. "செம்பு ஆக்சைடு பூச்சு" என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஆக்சைடு என்று கேளுங்கள்.

அயனி வழியின் விலை என்னவென்றால், பூச்சு தன்னையே செலவழித்துக்கொண்டு வேலை செய்கிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு மைக்ரோமீட்டர் தடிமனுக்குத் துத்தநாக ஆக்சைடு இருந்தால் அதன் எடை ஏறத்தாழ 0.56 மில்லிகிராம். அதைக் கடந்து ஓடும் திரவம் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் கரைத்துச் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், 280 மில்லிலிட்டர் திரவத்தில் அந்தப் பூச்சு தீர்ந்துவிடும். தேங்கி நிற்கும் நீரில் இப்படி ஆகாது, அங்கே அயனிச் செறிவு ஏறிக் கரைவது நின்றுவிடும். ஓடும் நீரில் அந்த வசதி இல்லை. ஆகவே தேங்கிய நீரில் சோதித்த ஒரு துத்தநாகப் பூச்சின் முடிவைக் குழாய்க்குப் பொருத்திப் பேசுவது பெரும் தவறு. இதே கரைதலில் ஒரு நல்ல பக்கமும் உண்டு. பல் மீது வளரும் பாக்டீரியாக்கள் சர்க்கரையைப் புளிக்கவைத்து அமிலம் உண்டாக்குகின்றன, சுற்றுப்புறத்தின் பி.எச். 5க்கும் கீழே இறங்குகிறது. அமிலத்தில் துத்தநாக ஆக்சைடு வேகமாகக் கரையும். அதாவது பாக்டீரியா பெருகும் இடத்திலேயே அயனியும் அதிகம் வெளிவருகிறது. இந்தப் பண்பைத் திட்டமிட்டுப் பயன்படுத்தும் வடிவமைப்புகள் எனக்கு மிகவும் நம்பிக்கை தருகின்றன.

மூன்றாவது வழியான மின்சுமையைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். நடுநிலையான நீரில் பெரும்பாலான பாக்டீரியாக்களின் வெளிப்பரப்பு எதிர்மின்சுமை கொண்டது. துத்தநாக ஆக்சைடும் அலுமினியம் ஆக்சைடும் அதே நீரில் நேர்மின்சுமை பெறுபவை, சிலிக்கா எதிர்மின்சுமை பெறுவது. ஈர்ப்பதா விலக்குவதா என்ற தொடக்க நிலை இதனால் தீர்மானமாகிறது. ஆனால் உடல் திரவங்களிலும் கடல்நீரிலும் உப்பு மிகுதி என்பதால் இந்த மின்விசை ஒரு நானோமீட்டர் அளவிலேயே அடங்கிவிடுகிறது. புரதம் படிந்த பிறகு அதன் பேச்சு மேலும் குறைகிறது.

நான்காவது வழி உருவம். நானோ என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் கிடைப்பது இங்கேதான், அதனால் இதில் சற்று நிற்கிறேன்.

தோலில் வாழும் உருண்டை வடிவ பாக்டீரியாவான ஸ்டஃபைலோகாக்கஸின் ஒரு செல்லின் விட்டம் ஒரு மைக்ரோமீட்டருக்கு, அதாவது ஆயிரம் நானோமீட்டருக்கு, சற்றுக் குறைவு. பரப்பில் உள்ள பள்ளங்கள் அதே அளவில் இருந்தால் அவை பாக்டீரியாவுக்கு ஒதுங்கிடம். நீரோட்டத்தின் இழுப்பு அங்கே எட்டாது, பிடிப்பதற்குச் சுற்றிலும் சுவர் கிடைக்கும். பல் மருத்துவத்தில் சராசரிச் சொரசொரப்பு 0.2 மைக்ரோமீட்டருக்கு மேல் போனால் படலம் கூடுகிறது என்றும், அதற்குக் கீழே எவ்வளவு மெருகேற்றினாலும் பெரிய பயன் இல்லை என்றும் அறிந்திருக்கிறார்கள். பள்ளமும் மேடும் பாக்டீரியாவைவிட மிகச் சிறியதாக, பத்துகளில் எண்ணக்கூடிய நானோமீட்டர் அளவில் இருந்தால் நிலைமை மாறுகிறது. விறைப்பான செல்சுவர் அந்த மேடுகளின் உச்சிகளை மட்டுமே தொடும். தொடும் பரப்பு குறைந்தால் ஒட்டும் விசையும் குறையும். அதுதான் கோட்பாடு. ஆனால் பாக்டீரியாவிடம் கசையிழைகளும் நுண்மயிர்களும் இருக்கின்றன, அவை சில பத்து நானோமீட்டருக்கும் மெல்லியவை. செல்லின் உடல் நுழைய முடியாத இடுக்குகளில் அவை நுழைந்து பிடிக்கின்றன. உருவத்தை மட்டும் நம்பிய பரப்புகள் பல முதல் ஓரிரு மணி நேரத்தில் அழகாக வேலை செய்து, மறுநாள் சாதாரணப் பரப்போடு ஒன்றாகிவிடுவதற்கு இது ஒரு காரணம்.

உருவம் கொல்லவும் செய்யும். 2012இல் ஆஸ்திரேலியாவின் ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலீனா இவனோவா, ரஸ்ஸல் கிராஃபோர்டு ஆகியோரின் குழு, சிள்வண்டு இனமொன்றின் இறக்கையில் விழும் சூடோமோனாஸ் பாக்டீரியாக்கள் சில நிமிடங்களில் சாவதைப் பதிவு செய்தது. இறக்கையில் ஏறத்தாழ 200 நானோமீட்டர் உயரமுள்ள நுண்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. அதன்மேல் மெல்லிய தங்கப் படலம் பூசி வேதியியலை மாற்றிய பிறகும் கொல்லும் திறன் குறையவில்லை. ஆகவே கொன்றது வேதிப்பொருள் அல்ல, வடிவம். தூண்களின் உச்சியில் படிந்த செல்லின் உறை, முள்வேலியில் விரித்துப் போட்ட நனைந்த துணிபோல இடைவெளிகளில் தொய்ந்து இழுபட்டுக் கிழிகிறது என்பது முன்வைக்கப்பட்ட விளக்கம். ஒவ்வொரு வடிவத்துக்கும் இதே விளக்கம் பொருந்துமா என்ற விவாதம் தொடர்கிறது. செல்சுவர் மெல்லியதாக உள்ள கிராம் எதிர்வகை பாக்டீரியாக்கள் இதில் எளிதில் சிக்குகின்றன. பல பத்து நானோமீட்டர் தடிமனான சுவர் கொண்ட ஸ்டஃபைலோகாக்கஸ் சிள்வண்டின் இறக்கையில் பிழைத்துக்கொண்டது.

இந்த வடிவத்தை ஆக்சைடில் கொண்டுவர முடியும் என்பதுதான் நம் தலைப்புக்கு முக்கியமான செய்தி. டைட்டானியம் உலோகத்தைக் காரக் கரைசலில் அடைத்து அழுத்தத்தில் சூடாக்கினால் அதன் பரப்பிலேயே டைட்டானியம் ஆக்சைடு ஊசிகள் முளைக்கின்றன. இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு 2014இல் இப்படிச் செய்து பார்த்தபோது, நீந்தித் திரியும் பாக்டீரியாக்கள் அதிகமாகவும் நகராதவை குறைவாகவும் செத்தன. ஊசிமேல் வந்து மோதும் வேகமும் அசைவும் சாவுக்குத் துணை போகின்றன என்று இதைப் புரிந்துகொள்ளலாம். உடலில் பொருத்தும் பொருள்களில் முதன்மைக் கவலை நகராத ஸ்டஃபைலோகாக்கஸ்தான் என்பதால், இந்த முடிவு ஒரே நேரத்தில் நல்ல செய்தியும் கெட்ட செய்தியுமாகிறது.

டைட்டானியத்தை ஃபுளோரைடு கலந்த கரைசலில் நேர்மின்வாயாக வைத்து மின்னோட்டம் செலுத்தினால் வேறொரு வடிவம் கிடைக்கிறது: செங்குத்தாக அடுக்கிய நானோ குழாய்கள். மின்னழுத்தத்தைக் கூட்டினால் குழாயின் விட்டமும் கூடும், ஏறத்தாழ 15 முதல் 100 நானோமீட்டருக்கு மேலும் விரும்பியபடி வளர்க்கலாம். இதில் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. வெப்பப்படுத்திய 80 நானோமீட்டர் குழாய்களில் ஸ்டஃபைலோகாக்கஸ் குறைந்தது என்று 2011இல் ஒரு கட்டுரை சொல்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு, அதே துறையில் இயங்கும் ஆய்வாளர்களிடமிருந்தே, குழாய் வடிவப் பரப்பில் பாக்டீரியா கூடியது என்று வந்தது. யாரும் தவறு செய்யவில்லை. மின்வழியில் வளர்ந்த குழாய் முதலில் படிக ஒழுங்கற்றது, அதில் ஃபுளோரைடும் மிஞ்சியிருக்கும். ஏறத்தாழ 450 டிகிரி செல்சியஸில் சூடாக்கினால் அது அனடேஸாக மாறும், ஃபுளோரைடும் பெரும்பாலும் போய்விடும். விட்டம் ஒன்றாக இருந்தாலும் இவை இரண்டு வேறு பொருள்கள். அளவைத் தவிர வேறெதுவும் மாறாத பரப்புகளை ஒப்பிடுவது இந்தத் துறையில் எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

கொல்லாமலேயே தடுக்கும் ஒரு வழியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். சில கடற்பாசிகள் வனேடியம் என்னும் உலோகம் அடங்கிய நொதியைக் கொண்டு, கடல்நீரிலுள்ள புரோமைடையும் சிறிதளவு ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து ஹைப்போபுரோமஸ் அமிலம் உண்டாக்கி, தம்மேல் பாக்டீரியா குடியேறாமல் காத்துக்கொள்கின்றன. பாக்டீரியாக்கள் தம் எண்ணிக்கையை ஒன்றுக்கொன்று தெரிவிக்க வெளியிடும் சமிக்ஞை மூலக்கூறுகளை அந்த அமிலம் சிதைத்துவிடுகிறது. கூட்டம் சேர்ந்ததே தெரியாவிட்டால் கூட்டு வேலை தொடங்காது. 2012இல் ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் வனேடியம் பென்டாக்சைடு நானோ இழைகள் இந்த நொதியைப் போலவே இயங்குவதைக் காட்டினார்கள். வனேடியத்தின் நச்சுத்தன்மை காரணமாக அது தயக்கத்துக்குரியது. 2017இல் சீரியம் ஆக்சைடு நானோ தண்டுகள் இதே வேலையைச் செய்வதும் காட்டப்பட்டது. கரைந்து தீர்வதில்லை, ஒளியும் தேவையில்லை. சூழலில் ஏற்கெனவே இருக்கும் பெராக்சைடே எரிபொருள். டிரைபியூட்டில் டின் என்னும் நச்சு கலந்த கப்பல் வண்ணங்களைத் தடைசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தம் 2001இல் உருவாகி 2008இல் நடைமுறைக்கு வந்த பிறகு, கப்பலடிப் பூச்சில் பெரும்பங்கு குப்ரஸ் ஆக்சைடிடம் போய்ச் சேர்ந்தது. அந்தச் செம்பும் துறைமுகச் சேற்றில் சேர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே கடலில் எதையும் கரைக்காத வழி ஒன்று வேண்டும் என்ற தேவை மிக அவசரமானது.

இப்போது அந்த 99.9க்கு வருவோம். பல தயாரிப்புகளின் எண் ஐ.எஸ்.ஓ. 22196 என்ற சோதனைமுறையிலிருந்து வருகிறது. பரப்பில் சிறிதளவு பாக்டீரியாக் கரைசலை விட்டு, மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் மூடி, 35 டிகிரி வெப்பத்தில், 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதத்தில், 24 மணி நேரம் வைத்துவிட்டு எண்ணுகிறார்கள். ஊட்டச்சத்தும் வெகுவாக நீர்த்தது. இது ஒரு நேர்மையான, மீண்டும் செய்யத்தக்க சோதனைதான். ஆனால் இதில் ஒரு பரப்பு படலத்தைத் தடுக்கிறதா என்பது சோதிக்கப்படவே இல்லை. ஓட்டம் இல்லை, புரதம் கிட்டத்தட்ட இல்லை, புதிது புதிதாக வந்து சேரும் பாக்டீரியா இல்லை. மெல்லிய நீரடுக்கில் அயனிகள் சேர்ந்துகொண்டே போகும் என்பதால் கரையும் பூச்சுகளுக்கு இது மிகவும் சாதகமான சூழலும்கூட.

எண்ணைத்தான் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து லட்சம் பாக்டீரியாவில் 99.9 சதவீதம் செத்தால் ஆயிரம் மிஞ்சும். உணவு இருக்கும் இடத்தில் அரை மணிக்கொரு முறை இரட்டிக்கும் இனமாக இருந்தால், பத்து முறை இரட்டிக்க ஐந்து மணி நேரம். ஆயிரம் மறுபடி பத்து லட்சம். ஒருமுறை கொல்லும் பூச்சு ஐந்து மணி நேர அவகாசத்தை வாங்கித் தருகிறது, தொடர்ந்து கொல்லும் பூச்சுக்குத்தான் அதற்கு மேல் மதிப்பு. அறுவைச் சிகிச்சையின்போது விழுந்த சில பாக்டீரியாக்களை உடலின் நோயெதிர்ப்புச் செல்கள் வந்து சேரும்வரை அடக்கி வைக்க ஐந்து மணி நேரம் பெரிய உதவி. குடிநீர்க் குழாய்க்கு அது ஒன்றுமே இல்லை.

தொடர்ந்து கொல்வதற்கும் ஒரு தடை உண்டு: பிணங்கள். ஊசிமேல் செத்த செல் அங்கேயே கிடக்கிறது. அதன்மேல் வரும் அடுத்த செல்லுக்கு ஊசி தெரியாது, மெத்தைதான் தெரியும். போதாக்குறைக்கு, செத்த செல்லிலிருந்து கசியும் டி.என்.ஏ. படலத்தின் பசையாகவே பயன்படுகிறது. உடல் திரவத்தில் இதற்கு முன்பே புரதம் வந்துவிடுகிறது. இரத்தத்தின் ஃபைப்ரினோஜன் மூலக்கூறு ஏறத்தாழ 45 நானோமீட்டர் நீளம். 15 நானோமீட்டர் குழாய் வாயின்மேல் அது பாலம் போட்டுவிடும். ஸ்டஃபைலோகாக்கஸிடம் ஃபைப்ரினோஜனைப் பிடிப்பதற்கென்றே தனிப் புரதங்கள் இருக்கின்றன. நாம் எவ்வளவோ கணக்குப் போட்டு வடிவமைத்த ஆக்சைடை அது தொடவே வேண்டியதில்லை. தூய உப்புக்கரைசலில் மட்டும் சோதித்துவிட்டு உடலுக்குள் வைக்கும் பொருளைப் பற்றி முடிவு சொல்லும் கட்டுரைகளை நான் அதிக மதிப்புடன் படிப்பதில்லை. குருதிநீர் கலந்த திரவத்தில், ஓட்டத்தோடு, குறைந்தது சில நாள்கள் சோதித்திருக்க வேண்டும். உயிருள்ளவை பச்சை, செத்தவை சிவப்பு என்று காட்டும் சாயப் படங்களையும் கொஞ்சம் ஐயத்தோடு பார்க்க வேண்டும். சிவப்புச் சாயம் செல்லுக்கு வெளியே கிடக்கும் டி.என்.ஏ.விலும் ஒட்டும்.

எவ்வளவு காலம் தாங்கும் என்பது பூச்சு எப்படிப் போடப்பட்டது என்பதைப் பொறுத்தது. உலோகத்தின் மேலேயே வளர்த்த ஆக்சைடு அடிப்பரப்போடு வேதிப்பிணைப்பால் இணைந்தது. அதிலும் நீண்ட குழாய்கள் அடியில் நொறுங்கி உரியக்கூடும், குட்டைக் குழாய்கள் உறுதியானவை. கரைசலைக் கூழாக்கிப் படியவைக்கும் சோல்–ஜெல் முறையில் தோய்த்தெடுத்துச் சூடாக்கிய படலங்கள் கண்ணாடி, பீங்கான், உலோகம் ஆகியவற்றில் நன்றாகப் பிடிக்கும். ஆனால் படிகமாக 400 முதல் 500 டிகிரி வரை சூடு வேண்டும் என்பதால் பிளாஸ்டிக்குக்கும் சிலிக்கோனுக்கும் ஒத்துவராது. அவற்றுக்கு வெற்றிடத்தில் படிய வைக்கும் முறைகளும், குறைந்த வெப்பத்தில் அணு அடுக்காகப் படிய வைக்கும் முறையும் இருக்கின்றன. வளையும் குழாயின்மேல் வளையாத ஆக்சைடு தடிமனாக இருந்தால் விரிசல் விடும். ஆக மெல்லியதாக, சில பத்து நானோமீட்டராக இருப்பதே நல்லது. நானோ துகள்களைப் பசையோடு கலந்து தெளிக்கும் மலிவான முறையில் பாதித் துகள்கள் பசைக்குள் மூழ்கிப் பயனற்றுப் போகின்றன, மீதி துடைக்கத் துடைக்க உதிர்கின்றன.

உதிர்வது வெறும் பூச்சுக் குறை மட்டும் இல்லை. டைட்டானியம் டை ஆக்சைடு தூளை மூச்சில் இழுப்பது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை 2பி பிரிவில் வைத்திருக்கிறது. பரப்பில் இறுகப் பிணைந்த படலத்துக்கு அந்த அச்சம் பொருந்தாது. தெளிக்கும் தொழிலாளிக்கும், தேய்த்து அகற்றுபவருக்கும் பொருந்தும். துத்தநாகமும் செம்பும் அளவு மிஞ்சினால் எலும்புச் செல்லையும் கொல்லும், கிரிஸ்டினாவின் பந்தயத்தில் அது நம் ஆளையே தள்ளிவிடுவதாகும்.

உலோகத்துக்குப் பாக்டீரியாக்களிடம் எதிர்ப்புத்திறன் உருவாகாது என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது உண்மை இல்லை. பண்ணை விலங்குகளில் காணப்படும் மெத்திசிலின் என்னும் மருந்துக்கு எதிர்ப்புள்ள ஸ்டஃபைலோகாக்கஸில், துத்தநாகத்தை வெளியேற்றும் மரபணு, மருந்தெதிர்ப்பு மரபணு இருக்கும் அதே நகரும் மரபுத் துண்டில் அமர்ந்திருக்கிறது. துத்தநாகம் கொடுத்தால் மருந்தெதிர்ப்பும் கூடவே தேர்வாகிறது. பன்றிக்குட்டிகளுக்கு மருந்தளவில் துத்தநாக ஆக்சைடு கொடுப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜூன் முதல் நிறுத்தியதற்குச் சுற்றுச்சூழல் கவலையோடு இந்தக் கவலையும் காரணம். வடிவத்தால் கிழிபடுவதற்கு எதிராக இப்படியொரு மரபணு அமைவது கடினம். கரையும் அயனியைவிட வடிவத்தையும் வினையூக்கத்தையும் நான் விரும்புவதற்கு இது முக்கியமான காரணம்.

ஆகவே எந்த ஆக்சைடு என்பதை இடம்தான் முடிவு செய்ய வேண்டும். வெயில் படும் வெளிப்புறச் சுவர், கண்ணாடி என்றால் அனடேஸ் டைட்டானியம் டை ஆக்சைடுக்கு நிகர் இல்லை, மழை அதைக் கழுவியும் விடுகிறது. எலும்பில் பதிக்கும் டைட்டானியம் பொருளுக்கு அதன்மேலேயே வளர்த்த, சூடாக்கிப் படிகமாக்கிய நானோ குழாய். வேண்டுமானால் குழாய்க்குள் முதல் சில நாள்களுக்கு மட்டும் போதுமான அளவு துத்தநாகம். அந்த நாள்களில் உடலின் செல்கள் பரப்பைப் பிடித்துவிட்டால் அதன்பின் துத்தநாகம் தீர்ந்துபோவதே நல்லது. பலர் தொடும் கைப்பிடிகளுக்குக் குப்ரஸ் ஆக்சைடு, அதுவும் ஒழுங்காகத் துடைக்கப்படும் என்றால். கடல்நீருக்குச் சீரியம் ஆக்சைடு வழி வளர வேண்டும் என்பது என் விருப்பம். நீண்டகாலம் உடலில் வைத்திருக்கும் சிறுநீர் வடிகுழாய்க்கு இன்றைய ஆக்சைடு பூச்சு எதையும் நான் தனியாகப் பரிந்துரைக்க மாட்டேன். புரோட்டியஸ் என்னும் பாக்டீரியா யூரியாவை உடைத்துப் பி.எச்.ஐ ஏற்றி, கால்சியம், மெக்னீசியம் பாஸ்பேட் படிகங்களைப் பரப்பின்மேல் படியவைக்கிறது. கல் மூடிய பூச்சு எதுவானாலும் ஒன்றுதான்.

தயாரிப்பாளரிடம் பேசும் வாய்ப்புக் கிடைத்தால் சோதனை ஓடும் திரவத்திலா தேங்கிய திரவத்திலா, புரதம் இருந்ததா, இருட்டில் செய்தார்களா, எத்தனை நாள், எத்தனை முறை துடைத்த பிறகு, அதே வடிவம் இல்லாத சாதாரண ஆக்சைடோடு ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை இல்லாவிட்டால், கிடைத்த பலன் நானோ அமைப்பால் வந்ததா வெறும் துத்தநாகத்தால் வந்ததா என்று அவர்களுக்கே தெரியாது.

ஏற்கெனவே பூச்சு போட்டுவிட்டவர்கள் கவனிக்க வேண்டியது சுத்தம் செய்யும் பொருள். துத்தநாக ஆக்சைடு அமிலத்திலும் கரையும், கடும் காரத்திலும் கரையும். வினிகரோ சுண்ணாம்புக் கறை நீக்கியோ பட்டால் பூச்சு சில நிமிடங்களில் மெலிந்துவிடும். டைட்டானியம் டை ஆக்சைடு இவற்றைத் தாங்கும், ஆனால் மெழுகோ சிலிக்கோனோ கலந்த மெருகுத் திரவம் அதன்மேல் படலமாகிவிடும். காற்றிலுள்ள கரிமப் பொருள்களே சில வாரங்களில் அதன் நீர்விரும்பும் தன்மையைக் குறைத்துவிடுகின்றன. புற ஊதா ஒளி காட்டினால் அது திரும்பி வரும். நடுநிலையான, எச்சம் விடாத சோப்பு நீரும், மென்மையான துணியும், நல்ல நீரில் அலசுவதும் போதும். தேய்க்கும் நார் வேண்டாம். பூச்சு இருக்கிறது என்று துடைக்கும் இடைவெளியைக் கூட்டவும் வேண்டாம். செத்தவற்றையும் படிந்தவற்றையும் அகற்றிப் பரப்பை மறுபடி வெளிக்கொணர்வது பூச்சின் வேலை அல்ல, துடைப்பவரின் வேலை.